படத்தின் இடது ஓரம்

"எங்க அண்ணன் இருக்கிற படத்தைக் குடுங்க சார்."

இதை மட்டும் அவரிடம் கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். இந்த ஸ்டூடியோவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று, வாசலில் செருப்பு மாட்டும்போது தோளைப் பிடித்து நிறுத்திச் சொன்னாள். அதற்குப் பிறகும் நான் சாப்பிடும்போது, தலை துவட்டும்போது, என் முகம் கொஞ்சம் கோணிக்கொண்டு தெரிந்தபோதெல்லாம் சொன்னாள். "உன் வாயை என்னால கட்டி வெக்க முடியாது. எதை வேணும்னாலும் கேளு. அதை மட்டும் கேக்காத. அந்த மனுஷன் நம்ம வாசப்படியில உக்காந்து அழுதாரு. எல்லாப் படத்தையும் அழிச்சுட்டேன்னு சொன்னாரு. இல்லாததக் கேட்டா, அவரைப் பொய் சொல்றவர்னு சொல்ற மாதிரி ஆயிடும்டி. உனக்கு வேலை குடுத்தவரு."

கேட்டுவிட்டேன்.

டீயை உறிஞ்சப் போன சார் கப்பை அப்படியே கீழே வைத்தார்.

"எந்தப் படம்?"

"ஆலாக் கூட்டம் எழுந்த அன்னிக்கு எடுத்தது. இந்தப் பெரிய படத்துக்கு முன்னாடி எடுத்தது எல்லாம்."

"அதான் அன்னிக்கே உங்க அம்மாகிட்ட சொன்னேனேம்மா. பாக்கத் தாங்கல, அழிச்சுட்டேன்."

"நீங்க ஒரு குருவி வாலைக்கூட அழிக்க மாட்டீங்க சார். கை நடுங்கி எடுத்ததையே வருஷக்கணக்கா வெச்சிருக்கீங்க. நான்தானே அதையெல்லாம் அடுக்கி வெக்கிறேன்?"

எங்கள் பின்னால், உள்ளறையில், அச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் நீளத்துக்கு இருக்கும் அது. காகிதத்தை விரல் விரலாக வெளியே தள்ளும். அதை ஓட்டுவதுதான் என் வேலை. படங்களைத் திரையில் சரிசெய்வது, அச்சடிப்பது, அவர் சொல்லச் சொல்ல டைப் அடிப்பது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சார் என்னை "கிராஜுவேட்டம்மா" என்றுதான் கூப்பிடுவார். கிண்டலா மரியாதையா என்று நான் கேட்டதில்லை. இரண்டும் இல்லை, அது ஒரு வகையான பயம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

இன்று காலை அவர் உள்ளே வரும்போதே அவசரம். சாயந்திரம் ஊரின் பெரிய ஹாலில் அவருடைய கண்காட்சி. வாசலுக்கு நேரே உள்ள சுவர் முழுக்க அந்த ஆலாப் படம். பரிசு வாங்கிய படம், அவருடைய புத்தகத்தின் அட்டையில் இருக்கும் படம். அம்மாவும் வருகிறாள். அந்தப் படத்துக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்து, மைக்கில் நன்றி சொல்லப் போவதாக சார் வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தார். அம்மா நேற்றே நல்ல துணியை எடுத்து மடிப்புக் கலையாமல் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"கிராஜுவேட்டம்மா, மதியத்துக்குள்ள படம் வேணும். ஃப்ரேம்காரர் வந்து எடுத்துட்டுப் போவாரு. இடது ஓரத்துல, கீழ, ஒரு சிவப்புப் புள்ளி இருக்கு பாரு. ஏதோ பிளாஸ்டிக் குப்பை. சின்னப் படத்துல தெரியல. சுவர் அளவுக்குப் போட்டா உறுத்தும். எடுத்துடு."

சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். நான் படத்தைத் திறந்து அந்த ஓரத்தைப் பெரிதாக்கினேன். புள்ளி பொட்டு அளவு ஆனது. பிறகு ஒரு இலை மாதிரி. இன்னும் பெரிதாக்கினேன். இலைக்கு ஒரு விளிம்பு வந்தது. விளிம்புக்கு மேலே வெள்ளையாக ஏதோ எழுத்து. பாதி எழுத்துதான். மீதி தண்ணீருக்குள்.

மீதி எழுத்து என்னவென்று எனக்குப் பார்க்காமலே தெரியும். என் கல்லூரியின் பெயர்.

அது அண்ணனின் தொப்பி. கல்லூரி விளையாட்டு விழாவில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது. எனக்குத் தொப்பி பிடிக்காது, அண்ணனிடம் தூக்கிப் போட்டேன். அவன் அதைக் கண்ணாடி முன்னால் நின்று அப்படித் திருப்பி இப்படித் திருப்பி மாட்டிக்கொண்டு, "ம்மா, இங்க பாரு, நானும் காலேஜ் போயிட்டேன். தலை மட்டும்" என்றான். அன்றிலிருந்து குளிக்கும்போதும் தூங்கும்போதும்தான் கழற்றுவான்.

அண்ணன் துறைமுகத்துப் பக்கம் ஐஸ் கம்பெனியில் கட்டி தூக்குகிறவன். காலையில் ஷிப்ட் முடிந்து கடற்கரையோரமாக வீட்டுக்கு நடந்து வருவான். ஒருநாள் மணலில் மாட்டிய ஒரு வண்டியைத் தள்ளிவிட்டான். அது சாருடைய வண்டி. அன்றே சார் அவனைப் பிடித்துக்கொண்டார்.

பறவைப் படம் எடுப்பதென்றால் மரத்தடியில் ஒளிந்துகொண்டு காத்திருப்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். சார் காத்திருக்கிற ஆளே கிடையாது. ஆலா என்பது வெள்ளை உடம்பும் கறுப்புத் தலையுமாக இருக்கும் கடல் பறவை. மணல்திட்டில் கூட்டமாக உட்கார்ந்திருந்தால் தூரத்திலிருந்து கொட்டிவைத்த சுண்ணாம்பு மாதிரி இருக்கும். "உக்காந்திருக்கிறத எவன் பாப்பான்?" என்பார் சார். எழ வேண்டும். மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். அதற்கு ஒரு ஆள், திட்டுக்கு அந்தப் பக்கமாகத் தண்ணீரில் குனிந்து குனிந்து போய், சார் கையைக் காட்டியதும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கத்த வேண்டும். கூட்டம் கேமரா பக்கமாக எழும். எழுந்த உடனே அந்த ஆள் கீழே படுத்துவிட வேண்டும். சேறோ தண்ணீரோ, பார்க்காமல் படுக்க வேண்டும். தலை தெரிந்தால் படம் போச்சு. "மனுஷன் வாசனையே இருக்கக் கூடாது படத்துல" என்பது சார் வாக்கு. புத்தகத்தில் அந்தப் படத்துக்குக் கீழே "மனிதக் காலடி படாத கரை" என்று இருக்கிறது. டைப் அடித்தது நான்தான்.

சாரின் சிநேகிதர்கள் அண்ணனுக்கு "அலாரம்" என்று பெயர் வைத்தார்கள். பறவையை எழுப்புகிறவன் அல்லவா. "அலாரம் வந்துடுச்சா? சிவப்பு லைட்டு வேற மாட்டியிருக்கு" என்று தொப்பியைத் தட்டுவார்களாம். அண்ணன் அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சிரித்தால் அவன் கண் காணாமல் போய்விடும். "நான் கத்தினேன்னா அவ்ளோ பறவையும் எழுந்துக்கும்டி வாயாடி. நீ கத்துனா பக்கத்து வீட்டுக்காரன்தான் எழுந்துக்குவான்."

போன வருஷம் ஒரு காலையில் அவன் வரவில்லை. சார்தான் வந்தார். முழங்கால் வரை சேறு. வாசப்படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: படமெல்லாம் எடுத்து முடித்தாகிவிட்டது. பறவையெல்லாம் போய்விட்டது. கிளம்பலாம் என்று மூட்டை கட்டும்போது காற்றில் இவன் தொப்பி பறந்து ஓடையில் விழுந்தது. "விட்றா, வேற வாங்கிக்கலாம்னு கத்தினேன்ம்மா. கேக்கல. எடுக்கப் போனான். அங்க புதைசேத்துப் பள்ளம். கடல் ஏற்ற நேரம் வேற."

ஆக, தொப்பிதான் அவனைக் கொன்றது. தொப்பியைக் கொடுத்தது நான். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஒரே ஒரு தரம் தவிர. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்: "நீ காலேஜுக்குப் போயி என்னத்தடி கொண்டு வந்த இந்த வீட்டுக்கு? ஒரு தொப்பி." பிறகு அவளே ஈரக் கையோடு வந்து என் வாயைப் பொத்தினாள், நான் அழுதுவிடுவேன் என்று. என் பட்டச் சான்றிதழ் அன்றைக்கே சுவரிலிருந்து பெட்டிக்குள் போய்விட்டது.

அந்த ஆணியில் இப்போது அண்ணன் இருக்கிறான். ஐஸ் கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். வேறு நல்ல படம் எங்களிடம் இல்லை. எடுக்கிறவர் "அசையாதீங்க" என்று சொல்லியிருப்பார். இவன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன், இமைகூட அசைக்காமல் திருட்டு முழி முழித்துக்கொண்டிருப்பான். அம்மா அதன் முன்னால் நின்று அவனைத் திட்டுவாள். "பொறுப்பு கெட்டவனே. ஒரு தொப்பிக்கு உசுர விட்டியேடா. முழியப் பாரு."

திரையில் நான் பார்த்துக்கொண்டிருந்த படத்தில், பறவைகள் இன்னும் போகவில்லை. முன்னால் இருப்பவை உயர்ந்துவிட்டன, பின்னால் இருப்பவை அப்போதுதான் எழுகின்றன. பலவற்றின் கால்கள் மடங்காமல் தொங்குகின்றன. திட்டின் அந்தக் கோடியில் சில இன்னும் உட்கார்ந்தே இருக்கின்றன. தொப்பி தண்ணீரில் கிடக்கிறது.

படம் எடுத்து முடித்த பிறகு பறந்த தொப்பி, படத்துக்குள் எப்படி மிதக்கும்?

புள்ளியை நான் எடுக்கவில்லை. அப்படியே இயந்திரத்தில் ஏற்றி ஓடவிட்டேன். முன்னறைக்குப் போனேன். கேட்டேன்.

"நீ என்னம்மா, எந்த ஞாபகத்துல பேசற?" என்றார் சார். எழுந்து என் பின்னால் வந்தார். இயந்திரம் இடது ஓரத்தை ஏற்கெனவே வெளியே தள்ளியிருந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அதன் மேல் பாதி எழுத்து. அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்னுதான் நினைச்சேன்" என்றார். "சத்தியமா."

அதை நான் நம்புகிறேன். ஒரு வருஷமாக அவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவே இல்லை. அட்டையில் போட்டார், பரிசு வாங்கினார், ஊர் ஊராகக் காட்டினார், பார்க்க மட்டும் இல்லை.

அப்போது பார்த்து ஃப்ரேம்காரர் படியேறி வந்தார். எப்போதும் காதில் பென்சில் செருகியிருக்கும் ஆள். வரும்போதே பேசிக்கொண்டு வருவார்.

"என்ன சார், ரெடியா? ஏணி போயாச்சு, ஆணி அடிச்சாச்சு, லைட்டுகூடப் போட்டுப் பாத்தாச்சு. சுவர் மட்டும் மொட்டையா நிக்குது." இயந்திரத்திலிருந்து இறங்கும் பறவைகளைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "அடேங்கப்பா! மேல எச்சம் போட்டுடும் போல இருக்கே!"

நாங்கள் சிரிக்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க அண்ணன் எழுப்பிவிட்டதுதானம்மா இது? நல்லாத்தான் எழுப்பியிருக்கான்."

"நீங்க கீழ கொஞ்சம் இருங்க" என்றார் சார். "காயணும்."

அவர் இறங்கிப் போனதும் சார் மேசையின் கடைசி இழுப்பறையை இழுத்தார். பூட்டுகூட இல்லை. பழைய லென்ஸ் துணிகளுக்கு அடியிலிருந்து கேமராவின் மெமரி கார்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையை உடனே சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"உக்காந்து பாரு" என்றார். தான் உட்காரவில்லை.

கேமரா கூட்டத்தை எடுக்கும்போது பொத்தானை அமுக்கியபடியே இருக்கும் வரை படம் விழுந்துகொண்டே இருக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் மூச்சுவிட நேரம் இருக்காது. நான் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி, அம்புக்குறியை அமுக்கினேன்.

சுண்ணாம்புக் குவியல். இடது ஓரத்தில் முழங்கால் தண்ணீரில் என் அண்ணன், கோழி பிடிக்கப் போகிறவன் மாதிரி குனிந்துகொண்டு. அதே மாதிரி நிறையப் படங்கள்.

அடுத்து அவன் நிமிர்ந்துவிட்டான். இரண்டு கையும் விரிந்திருந்தன. வாய் முழுசாகத் திறந்திருந்தது. தலையில் தொப்பி. அவனுக்கு வலது பக்கம் முதல் வரிசைப் பறவைகள் மணலைவிட்டு ஒரு சாண் எழும்பியிருந்தன. அவனும் எழும்பப் போகிறவன் மாதிரிதான் இருந்தான்.

நான் விரலை எடுத்துவிட்டேன். அவ்வளவு நல்ல படம் அது. எங்கள் வீட்டு ஆணி ஞாபகம் வந்தது.

"அதோட நிறுத்திக்கோம்மா" என்றார் சார். "போதும்."

நான் அமுக்கினேன்.

கை இன்னும் விரிந்திருந்தது. ஆனால் முழங்கால் இருந்த இடத்தில் தொடை. அடுத்ததில் இடுப்பு. பறவைகள் ஆள் உயரத்துக்கு எழுந்துவிட்டன, இறக்கைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன, அழகு என்றால் அப்படி ஒரு அழகு. ஓரத்தில் அண்ணன் திரும்பிவிட்டான். அதுவரை பறவைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் கேமராவைப் பார்க்கிறான். வாய் திறந்திருக்கிறது.

"சிரிக்கிறான்" என்றார் சார். "பாரு. எழுப்பிட்டேன்னு சிரிக்கிறான்."

"எங்க அண்ணன் சிரிச்சா கண்ணு காணாமப் போயிடும் சார். இதுல கண்ணு இருக்கு."

படத்தின் தெளிவு முழுக்கப் பறவைகளின் மேல் இருந்தது. அவன் முகம் மங்கல்தான். ஆனாலும் கண் இருந்தது. இரண்டு கறுப்புக் குழி.

அடுத்ததில் தோளும் ஒரு கையும். அடுத்ததில் தொப்பி மட்டும், தண்ணீரில். அதற்கு அடுத்ததுதான் பரிசு வாங்கிய படம். அதில் எதையும் யாரும் அழிக்கவில்லை. அழிக்கத் தேவையே இருக்கவில்லை. மனுஷன் வாசனையே இல்லை.

அதற்குப் பிறகும் படங்கள் இருந்தன. பறவைகள் வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகின்றன. திரும்புகின்றன. ஒவ்வொன்றாக மணலில் இறங்குகின்றன. எல்லாமே தெளிவான படங்கள். கை நடுங்காத படங்கள்.

"நான் பறவையத்தான் பாத்துட்டு இருந்தேன்" என்றார் சார். "லென்ஸ்ல கண்ணை வெச்சா மத்தது எதுவும் தெரியாது. இன்னொரு கண்ணை மூடிக்குவோம்ல."

எனக்கு நாக்கு நீளம். அதை அவர் மறந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கிளாஸ்ல என்ன சொல்லித் தர்றீங்க? 'ஒரு கண்ணு லென்ஸ்ல, ஒரு கண்ணு கரையில. ரெண்டையும் திறந்தே வை, எந்தப் பக்கத்துலேர்ந்து என்ன வரும்னு தெரியாது.' அந்தப் பாடத்தை டைப் அடிச்சதும் நான்தான் சார்."

இயந்திரம் வேலையை முடித்துவிட்டு ஒரு சத்தம் போட்டது. அதன் விசிறி நின்றது. சார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"பாத்தேன்" என்றார்.

நான் எழுந்து அவர் எதிரில் போய் நின்றேன்.

"கீழ போறதப் பாத்தேன். படுக்கிறான்னு நினைச்சேன். எப்பவும் லேட்டாத்தான் படுப்பான் அவன். பறவையைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நிப்பான். தலை வந்து படத்துல விழும். எவ்ளோ திட்டியிருக்கேன். அன்னிக்குத்தான் சட்டுனு இறங்கினான். பரவால்லையே, இன்னிக்குப் பய கத்துக்கிட்டான்னு..." முழங்காலைக் கட்டிக்கொண்டார். "சந்தோஷமா இருந்துச்சும்மா எனக்கு."

"அவன் கத்தலையா?"

"ஆலாக் கூட்டம் எழுந்தா பக்கத்துல நிக்கிறவன் பேசறதே கேக்காது. நான்தான் கத்தினேன்."

"என்னன்னு?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. இயந்திரத்தின் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"'அப்படியே இரு. எழுந்திரிக்காத'ன்னு."

அசையாதே என்றால் அசையாதவன். இமைகூட அசைக்காதவன். சேற்றில் கால் மாட்டியவன், தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஒரு ஆளைப் பார்த்துத் திரும்பினான், அந்த ஆள் அப்படியே இருக்கச் சொன்னார். அவனுக்கு அது கேட்டதா? கேட்டிருக்காது, இவரே சொல்கிறாரே, எதுவும் கேட்காது என்று. கேட்டிருக்கவே கூடாது என்று நான் வேண்டிக்கொள்கிறேன். கேட்டிருந்தால் அவன் அப்படியே அசையாமல் இருந்திருப்பான்.

"அப்புறம் தொப்பி?"

"கரையில வந்து ஒதுங்குச்சு. கையில அதோடதான் உங்க வீட்டுக்கு வந்தேன். உங்க அம்மா 'எப்படி சாமி, எப்படி'ன்னு கேட்டுட்டே இருந்தாங்க. வாயில அதுதான் வந்துச்சு."

"அது நான் குடுத்த தொப்பி."

அவர் நிமிர்ந்தார். அவருக்கு இது தெரியாது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"எங்க வீட்டுல ஒரு வருஷமா அந்தத் தொப்பிதான் சார் பேசிக்கிட்டு இருக்கு. எங்க அம்மா தினமும் அவனைத் திட்டறாங்க. பொறுப்பு கெட்டவன், ஒரு தொப்பிக்குச் செத்தான்னு. என்னை எதுவும் சொல்றதில்ல. சொல்லாம இருக்கிறதுக்கு எவ்ளோ கஷ்டப்படறாங்கன்னு கூடவே இருந்து பாருங்க, தெரியும்."

அவர் அழுதார். ஆம்பளை அழுதால் மனசு இளகிவிடும் ஆள் அம்மா. நான் அம்மா இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அண்ணன் போன பிறகு அவர் எந்தக் கூட்டத்தையும் எழுப்பவில்லை. இந்த ஒரு வருஷத்துப் படங்களை அடுக்கி வைத்தவள் நான். எல்லாம் உட்கார்ந்திருக்கிற பறவை. ஒற்றைக் காலில் நிற்கிறது, தூங்குகிறது, இறக்கையைக் கோதுகிறது. யாரும் வாங்காத படங்கள். அவர் வருந்தவில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அந்த வருத்தத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவராமல் ஒரு தொப்பியைக் கொண்டுவந்தார், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் பழைய சார் பாதி வந்துவிட்டார்.

"அந்தக் கை விரிச்ச படம். அதுல அவனை மட்டும் தனியா வெட்டி எடுத்துத் தர்றேன். கொஞ்சம் சரி பண்ணா முகம் நல்லாவே வரும். நானே பண்றேன். வீட்டுல மாட்டிக்கோங்க."

"தனியா எதுக்கு? பறவையோடவே குடுங்க."

"பறவை வேண்டாம்மா."

"ஏன்?"

அவர் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். பதில் தெரிந்ததுதான். பறவைகளோடு அவனைப் பார்க்கிற யாரும், படத்தில் இவன் என்ன செய்கிறான் என்று கேட்பார்கள்.

"எழுப்பினது அவன் சார். அவனை வெச்சுப் பறவைய எழுப்பிட்டு, அவன் இல்லாம நீங்க ஒரு படம் வெச்சிருக்கீங்க. இப்ப எங்களுக்குப் பறவை இல்லாம ஒண்ணு தர்றேங்கிறீங்க. அப்ப எங்க அண்ணன் அங்க சும்மா கையை விரிச்சுக்கிட்டு நின்னானா?"

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் பொறுத்துக்கோ." குரல் கெஞ்சியது. "மைக்ல அவன் பேரைச் சொல்லப்போறேன். இந்தப் படமே அவனுக்குத்தான்னு சொல்லப்போறேன். உங்க அம்மா எல்லார் முன்னாடியும் படத்துப் பக்கத்துல நிப்பாங்க. அவங்களுக்கும் ஒரு பெருமை வேண்டாமா? நாளைக்கு நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்."

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். தரை வரை இறங்கிக் கிடந்தது. அம்மா உயரத்துக்கு எந்த இடம் வரும் என்று கணக்குப் போட்டேன். பக்கத்தில் நின்றால் சிவப்புப் புள்ளி அவள் முழங்காலுக்கு நேரே வரும். தலையணைக்கு அடியில் வைத்து மடிப்பெடுத்த துணியோடு, கையைக் கட்டிக்கொண்டு, பெருமையாக நிற்பாள். எல்லாரும் கை தட்டுவார்கள். அவள் பிள்ளை சேற்றுக்குள் போய்விட்டதால் சுத்தமாக விழுந்த ஒரு படத்துக்கு. அவன் பொறுப்பு கெட்டவன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அவளும் தட்டுவாள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். கை விரித்த படத்தைத் திறந்தேன். வெட்டவில்லை, சரிசெய்யவில்லை. பறவைகளோடு, தண்ணீரோடு, மங்கலான முகத்தோடு, சுவர் அளவுக்கு இல்லை, எங்கள் ஆணி தாங்கும் அளவுக்குப் போட்டேன். இயந்திரம் மறுபடி இரைந்தது. சார் தடுக்கவில்லை. பக்கத்தில் நின்று, அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் விரல்கள் வந்தன.

கார்டைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவி என் பையில் போட்டுக்கொண்டேன்.

"அதை எங்க கொண்டு போற?"

"வீட்டுக்கு."

"உங்க அம்மாவால அதைத் தாங்க முடியாதும்மா. அந்த மத்த படங்களை..."

"ஒரு வருஷமா தொப்பியத் தாங்கறாங்க சார்."

கீழே ஃப்ரேம்காரர் யாரிடமோ உரக்கப் பேசுவது கேட்டது. "என்னம்மா இப்பவே கிளம்பிட்டீங்க? சாயந்திரம்தானே? ஹால் இன்னும் திறக்கவே இல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மாதிரி வந்து நிக்கிறீங்க!" அதற்கு அம்மாவின் சிரிப்பு. லேட்டாகிவிடும் என்ற பயத்தில் எங்கேயும் முன்கூட்டியே போய் நிற்கிறவள் அவள். என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள்.

சார் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு மட்டும்" என்றார்.

காகிதம் முழுசாக வெளியே வந்தது. இயந்திரத்தின் கத்தி அதை அறுத்துவிட்டது. நான் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினேன். மை இன்னும் பளபளத்தது.

"சுருட்டாத" என்றார் சார். வாய்ப் பழக்கம். "மை ஒட்டிக்கும்."

"சுருட்டல."

அவளைப் படத்துக்குப் பக்கத்தில் நிற்க விடப்போவதில்லை. நாளைக்கு இவர் வந்து சொல்லும் வரை காத்திருக்கப்போவதும் இல்லை. முதலில் இதைக் காட்டுவேன். உன் பிள்ளை எங்கேயும் ஓடவில்லை, சொன்ன வேலையைச் செய்துகொண்டு சொன்ன இடத்தில் நின்றான் என்று சொல்வேன். அவள் தெருவில் உட்கார்ந்துவிட்டால் நானும் உட்காருவேன். பையில் இருப்பதைக் கேட்டால் கொடுப்பேன். கேட்காவிட்டால் அது என்னோடு இருக்கும்.

பறவைகள் தெருவைப் பார்க்கும்படி படத்தை நெஞ்சுக்கு முன்னால் விரித்துப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி, பக்கவாட்டாகப் படியில் இறங்கினேன்.